2012 எட்டியோஸ் டீசலா, 2012 டிசையர் டீசலா? திம்பம் மலைக்கும் தோட்டத்துக்கும் எது பொருந்தும்?

மஞ்சள்காடு (கவுந்தப்பாடி) கேட்டது:

வணக்கமுங்க. கவுந்தப்பாடிக்குப் பக்கத்தில் மஞ்சளும் கரும்பும் வைத்திருக்கும் குடும்பம் எங்களுடையது. வீட்டில் இருந்த பழைய காரை விற்றுவிட்டோம். அதற்குப் பதிலாக, பத்து ஆண்டுகளைக் கடந்திருந்தாலும் நல்ல நிலையில் உள்ள ஒரு டீசல் காரை வாங்கலாம் என்று பார்த்து வருகிறேன். இப்போது இரண்டு வண்டிகள் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கின்றன.

ஒன்று 2012ஆம் ஆண்டு டொயோட்டா எட்டியோஸ் டீசல். கோபியில் ஒரு புரோக்கர் மூலமாக வருகிறது. மீட்டர் ஒரு இலட்சத்துப் பத்தாயிரம் கிலோமீட்டருக்குச் சற்று மேல் காட்டுகிறது. மற்றொன்று அதே ஆண்டு மாருதி ஸ்விஃப்ட் டிசையர் விடிஐ, நான்கு மீட்டருக்குள் நீளம் குறைக்கப்பட்டு வந்த புதிய வடிவம். ஈரோட்டில் ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் புதிதாக வாங்கி இன்றுவரை தாமே வைத்திருக்கிறார். அது ஒரு இலட்சத்து நாற்பதாயிரம் ஓடியிருக்கிறது. இரண்டுக்கும் மூன்று இலட்ச ரூபாயை ஒட்டித்தான் விலை சொல்கிறார்கள்; எட்டியோஸுக்கு முப்பதாயிரம் கூடுதல்.

எங்களுடைய ஓட்டம் ஆண்டுக்குப் பன்னிரண்டாயிரம் கிலோமீட்டர் வரும். ஈரோடு மார்க்கெட்டுக்கும், அம்மாவைக் கோயம்புத்தூர் மருத்துவமனைக்கு அழைத்துப் போகவும் அடிக்கடி தேவைப்படும். தங்கையைத் தாளவாடியில் கட்டிக் கொடுத்திருப்பதால், சத்தி, பண்ணாரி வழியாகத் திம்பம் ஏறிப் போவதும் தவறாமல் நடக்கும். அப்போதெல்லாம் ஐந்து பேரும் டிக்கி நிறையச் சாமானும் இருக்கும். தாளில் பார்த்தால் டிசையருக்குத்தான் எண்கள் அதிகம். ஆனால் ஊரில் கேட்டால் பலரும் எட்டியோஸையே சொல்கிறார்கள். மலையில் இழுவை, பின் இருக்கை வசதி, மைலேஜ் ஆகிய மூன்றையும் வைத்துப் பார்க்கும்போது எது சரியாக வரும் என்று விவரம் அறிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

நொய்யல்கரை (கோயம்புத்தூர்) எழுதியது:

தம்பி, நீங்கள் எண்களைக் குறிப்பிட்டிருப்பதால் அவற்றிலிருந்தே தொடங்குகிறேன். எட்டியோஸில் இருப்பது 1364 சிசி டி-4டி இன்ஜின். அது 3800 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு இன்ஜின் சுழலும் எண்ணிக்கை) 68 பிஎஸ் (குதிரைத்திறன்) திறனையும், 1800 முதல் 2400 ஆர்பிஎம் வரை 170 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையையும் தருகிறது. டிசையரில் இருப்பது ஃபியட் வடிவமைத்த 1248 சிசி மல்டிஜெட். மாருதி அதை டிடிஐஎஸ் என்ற பெயரில் விற்றது. அது 4000 ஆர்பிஎம்மில் 75 பிஎஸ், 2000 ஆர்பிஎம்மில் 190 நியூட்டன் மீட்டர் தருகிறது. இரண்டும் டர்போ (இன்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளும் கருவி) உள்ளவை, இரண்டுக்கும் ஐந்து கியர், இரண்டிலும் டைமிங் பெல்ட்டுக்குப் பதிலாகச் செயின். ஆகவே ஏழு பிஎஸ், இருபது நியூட்டன் மீட்டர் அளவுக்கு டிசையர் முன்னால் நிற்கிறது என்பது உண்மை.

ஆனால் அந்த வித்தியாசத்தில் ஒரு பகுதியை டிசையரின் எடையே தின்றுவிடுகிறது. எட்டியோஸ் டீசல் ஏறத்தாழ ஒரு டன் எடை. டிசையர் டீசல் அதைவிட அறுபது எழுபது கிலோ கூடுதல். ஒரு டன்னுக்கு எத்தனை பிஎஸ் என்று கணக்கிட்டால் டிசையருக்கு எழுபது, எட்டியோஸுக்கு அறுபத்தெட்டு என்ற அளவில் வந்து நிற்கும். சமதளச் சாலையில் இதை ஓட்டுபவர் உணர்வது அரிது.

உங்களுக்கு முக்கியமானது வேறு ஒன்று. திம்பத்தில் இருபத்தேழு கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன என்பது உங்களுக்குத் தெரியும். அங்கே வண்டி நடைவேகத்துக்கு இறங்கும். தாளவாடிப் பக்கமிருந்து கரும்பு ஏற்றி வரும் லாரி ஒன்று வளைவில் திரும்ப முடியாமல் முன்னும் பின்னும் போய்க்கொண்டிருந்தால், பின்னால் நிற்கும் நீங்கள் ஏற்றத்திலேயே நின்று, அரை கிளட்ச்சில் மறுபடியும் வண்டியை எடுக்க வேண்டியிருக்கும். அந்த நேரத்தில் இன்ஜின் 1200, 1300 ஆர்பிஎம்மில்தான் இருக்கும். டர்போ அப்போது முழுதாக வேலை செய்யத் தொடங்கியிருக்காது. டர்போவின் துணையில்லாமல் ஒரு டீசல் இன்ஜின் எவ்வளவு இழுக்கும் என்பது பெரும்பாலும் அதன் கொள்ளளவைப் பொறுத்தது. 1364க்கும் 1248க்கும் இடையில் 116 சிசி, அதாவது ஒன்பது விழுக்காடு வித்தியாசம் இருக்கிறது. உச்சத் திறனில் பின்தங்கும் எட்டியோஸ் இந்த அடிமட்டத்தில் முந்திவிடுகிறது.

இன்னொரு காரணமும் உண்டு. எட்டியோஸ் இன்ஜினில் ஒரு சிலிண்டருக்கு இரண்டு வால்வு வீதம் மொத்தம் எட்டு வால்வுகள், அவற்றைத் திறந்து மூட ஒற்றைக் கேம்ஷாஃப்ட். மல்டிஜெட்டில் பதினாறு வால்வுகள், இரட்டைக் கேம்ஷாஃப்ட். பதினாறு வால்வு இன்ஜின் வேகமாகச் சுழலும்போது நன்றாக மூச்சு விடும். அதனால்தான் டிசையர் 2000 ஆர்பிஎம்மைத் தாண்டியதும் பின்னாலிருந்து யாரோ தள்ளுவது போலக் கிளம்பி, 4000 வரை சலிக்காமல் ஓடுகிறது. எட்டு வால்வு இன்ஜின் குறைந்த சுழற்சியில் நிதானமாக இழுத்துக்கொடுக்கும், ஆனால் 3500க்கு மேல் சத்தம்தான் கூடுமே தவிர வேகம் அவ்வளவாகக் கூடாது. இதைக் குறை என்று நான் சொல்லமாட்டேன். எந்த வேலைக்காகச் செய்தார்களோ அதற்கேற்ற குணம் அது.

ஆகவே, பெருந்துறையிலிருந்து அவிநாசி வரை தேசிய நெடுஞ்சாலையில் லாரிகளை முந்திப் போவதுதான் உங்கள் அன்றாட வேலை என்றால் டிசையர். ஐந்து பேரையும் மூட்டைகளையும் ஏற்றிக்கொண்டு நின்று நின்று மலை ஏறுவது என்றால் எட்டியோஸ். டிசையரால் திம்பம் ஏற முடியாது என்று இதற்குப் பொருளில்லை. வளைவுக்கு வளைவு முதல் கியருக்கு இறங்கி, ஆக்சிலேட்டரைச் சற்று அதிகமாகக் கொடுத்து டர்போவை விழிக்கவைத்து ஓட்ட வேண்டும். பழகிவிட்டால் அது ஒரு தொல்லையாகத் தெரியாது. கிளட்ச்சுக்குத்தான் அது தெரியும்.

மைலேஜைப் பற்றி மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். வண்டிகளைச் சோதித்துச் சான்று தரும் ஏஆர்ஏஐ அமைப்பின் கணக்கின்படி எட்டியோஸுக்கு லிட்டருக்கு 23.59 கிலோமீட்டர், டிசையருக்கு 23.4. நடைமுறையில் ஒன்று பதினெட்டும் மற்றொன்று இருபதும் கொடுத்தால்கூட, உங்கள் பன்னிரண்டாயிரம் கிலோமீட்டருக்கு ஆண்டு முழுவதும் சேர்த்து அறுபத்தேழு லிட்டர்தான் வித்தியாசம். இன்றைய டீசல் விலையில் அது ஆறாயிரம் ரூபாயை ஒட்டி வரும். டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டர் ஒன்று பழுதானால் அந்தச் சேமிப்பு போய்விடும்.

ஆழியாறு (பொள்ளாச்சி) எழுதியது:

எங்கள் வீட்டில் எட்டியோஸ் டீசல் இருக்கிறது, என் மச்சானிடம் டிசையர் இருக்கிறது. இரண்டையும் வால்பாறை மலையில் ஓட்டியிருப்பதால் மேலே அண்ணன் சொன்னதை அப்படியே ஒப்புக்கொள்கிறேன். நாற்பது வளைவுகளில் பெரும்பாலானவற்றை எட்டியோஸில் இரண்டாவது கியரிலேயே திருப்பிவிட முடிகிறது. டிசையரில் அந்த இடத்தில் ஒரு கணம் வண்டி யோசிக்கும். அந்த ஒரு கணத்தில் பின்னால் வரும் பேருந்து ஹாரன் அடிக்கும், நமக்குக் கை நடுங்கும். வேறொன்றுமில்லை.

நான் சொல்ல வந்தது இடவசதியைப் பற்றி. இன்ஜினை விட்டுவிட்டு அளவுகளைப் பாருங்கள். எட்டியோஸ் 4265 மில்லிமீட்டர் நீளம், வீல்பேஸ் 2550. டிசையர் 3995 மில்லிமீட்டர், வீல்பேஸ் 2430. முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவில் மட்டும் பன்னிரண்டு சென்டிமீட்டர் வித்தியாசம் இருக்கிறது. அதில் பெரும்பகுதி பின் இருக்கையில் அமர்பவரின் முழங்காலுக்குப் போய்ச் சேருகிறது. எட்டியோஸின் பின் தரை ஏறக்குறைய மட்டமாக இருப்பதால் நடுவில் உட்காருபவரும் காலை இருபுறமும் பரப்பிக்கொண்டு அவதிப்பட வேண்டியதில்லை. உங்கள் அம்மாவைக் கோயம்புத்தூருக்கு அழைத்துப் போவதாக எழுதியிருக்கிறீர்கள். என் அம்மாவுக்கும் முழங்கால் வலி உண்டு. எட்டியோஸில் அவர் கதவைத் திறந்து, இருக்கையில் பக்கவாட்டாக உட்கார்ந்து, பிறகு இரண்டு கால்களையும் சேர்த்து உள்ளே எடுத்து வைத்துக்கொள்வார்; முன் இருக்கையின் முதுகில் கால் இடிக்காது. மச்சானின் டிசையரில் அதே வேலைக்கு முன் இருக்கையை முன்னால் தள்ள வேண்டியிருக்கிறது.

டிக்கியில் வித்தியாசம் இன்னும் பெரியது. எட்டியோஸுக்கு 595 லிட்டர், நீங்கள் பார்க்கும் டிசையருக்கு 316 லிட்டர். நான்கு மீட்டருக்குள் வந்தால் வரி குறைவு என்பதற்காக 2012இல் டிசையரின் வாலை நறுக்கினார்கள். அதற்கு முந்தைய டிசையரில் 440 லிட்டர் இருந்தது. தங்கை வீட்டுக்குச் சீர் கொண்டு போகும் குடும்பத்துக்கு 316 லிட்டர் எப்படிப் போதும் என்று எனக்குத் தெரியவில்லை. எங்கள் எட்டியோஸின் டிக்கியில் தேங்காய் மூட்டைகளைப் படுக்க வைத்துவிட்டு, அதன் மேல் பெட்டிகளையும் வைத்து மூட முடிகிறது.

இரண்டு வண்டியிலும் தரை இடைவெளி 170 மில்லிமீட்டர்தான். ஆனால் இட்டேரியில் (இருபுறமும் வேலி உள்ள தோட்டத்து மண்பாதையில்) போகும்போது நடுவில் மேடு தட்டுவது எட்டியோஸில் சற்று அதிகம், ஏனென்றால் சக்கரங்களுக்கு இடையிலான தூரம் நீளம். டிசையர் விடிஐயில் வரும் 165/80 ஆர்14 டயரின் பக்கச்சுவர் உயரமானது, கல்லில் ஏறி இறங்கும்போது அடியைத் தாங்கிக்கொள்ளும். எட்டியோஸின் மேல்நிலை மாடலில் 185/60 ஆர்15 டயர் வரும். அது தார்ச்சாலையில் நன்றாகப் பிடிக்கும், தோட்டத்துப் பாதையில் அவ்வளவு சுகமில்லை. நீங்கள் பார்த்த வண்டியில் எந்த டயர் இருக்கிறது என்று கவனியுங்கள்.

எட்டியோஸில் எனக்குப் பிடிக்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். வேகமானியை டேஷ்போர்டின் நடுவில் வைத்திருக்கிறார்கள். ஓட்டுபவரைத் தவிர வண்டியில் இருக்கும் எல்லோரும் வேகத்தைப் பார்க்க முடியும். அம்மா பின்னாலிருந்து, "எம்பது தாண்டிப் போச்சுடா, மெதுவாப் போ" என்பார். உள்ளலங்காரமும் பிளாஸ்டிக்கும் டிசையரில்தான் பார்க்க நன்றாக இருக்கும்.

கீழ்பவானி (பெருந்துறை) எழுதியது:

பழைய டீசலில் ஏன் போய் விழ வேண்டும்? 2012இல் டீசல் பெட்ரோலைவிட லிட்டருக்கு இருபது ரூபாய்க்கும் மேல் மலிவாக இருந்ததால் எல்லோரும் டீசல் வாங்கினார்கள். இப்போது வித்தியாசம் எட்டு ஒன்பது ரூபாய்தான். எட்டியோஸ் பெட்ரோலில் 1496 சிசி, 90 பிஎஸ், 132 நியூட்டன் மீட்டர், எடையும் குறைவு. இன்ஜெக்டர், டர்போ என்று எந்தப் பெருஞ்செலவும் கிடையாது. மைலேஜில் இழப்பதைப் பராமரிப்பில் மீட்டுவிடலாம். ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

பட்டறைக்காரன் (ஈரோடு) எழுதியது:

கீழ்பவானி சொல்வது நகரத்துக்குள் ஓட்டுபவருக்குப் பொருந்தும். ஆண்டுக்குப் பன்னிரண்டாயிரம் கிலோமீட்டருக்கு பெட்ரோல் எட்டியோஸ் லிட்டருக்குப் பதினான்கும் டீசல் பத்தொன்பதும் கொடுப்பதாக வைத்துக்கொண்டால், எரிபொருளில் மட்டும் இருபத்தையாயிரம் ரூபாய்க்கு மேல் வித்தியாசம் வருகிறது. மலையில் முழுச் சுமையுடன் ஏறும்போது பெட்ரோல் வண்டியின் மைலேஜ் இன்னும் இறங்கும். நல்ல டீசல் கிடைத்தால் டீசலே வாங்கலாம். அந்த "நல்ல" என்ற சொல்லில்தான் முழு விஷயமும் இருக்கிறது.

இரண்டு இன்ஜினும் பட்டறைக்கு வருபவை என்பதால் ஒன்றைச் சொல்கிறேன். மல்டிஜெட் இன்ஜின் ஸ்விஃப்ட், ரிட்ஸ், இண்டிகா விஸ்டா, மான்ஸா, புன்டோ, லீனியா என்று எத்தனையோ வண்டிகளில் வந்தது. கோபியிலும் சத்தியிலும் அதைப் பிரித்துப் பூட்டத் தெரியாத மெக்கானிக் இருக்கமாட்டார். உதிரிபாகமும் எந்தக் கடையிலும் கிடைக்கும். எட்டியோஸின் இன்ஜின் இதைவிடக் குறைவான வண்டிகளில்தான் வந்தது. கொரோலா ஆல்டிஸ் டீசலில் அதுவே கூடுதல் திறனுடன் இருந்தது. ஓரளவு பெரிய ஊருக்குப் போய்த்தான் சில உதிரிபாகங்களை வாங்க வேண்டியிருக்கும். 2020 ஏப்ரலில் பிஎஸ் 6 என்ற புகை மாசுக் கட்டுப்பாட்டு விதி வந்தபோது இரண்டு இன்ஜினுமே நின்றுவிட்டன. எண்ணிக்கை அதிகமுள்ள மல்டிஜெட்டுக்கே வருங்காலத்தில் உதிரிபாகம் எளிதாகக் கிடைக்கும் என்று நினைக்கிறேன்.

மல்டிஜெட்டின் டைமிங் செயின் ஆயிலைப் பொறுத்தது. பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை ஆயிலும் ஃபில்டரும் மாற்றியிருந்தால் நெடுங்காலம் பேசாமல் ஓடும். இழுத்தடித்திருந்தால் செயின் நீண்டு, டென்ஷனர் தளர்ந்து போகும். அதைக் கண்டுபிடிக்கும் வழி எளிது. வண்டியைப் பார்க்கப் போவதாக முதல்நாளே சொல்லி, காலையில் முதல் முதலாக நீங்களே ஸ்டார்ட் செய்யுங்கள். சாவியைத் திருப்புவதற்கு முன் பானெட்டைத் திறந்து இன்ஜின் மூடியின் மேல் கையை வையுங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் உங்களுக்கு முன்பே யாரோ ஓட்டிச் சூடாக்கி வைத்திருக்கிறார்கள் என்று பொருள், அன்றைக்குத் திரும்பி வந்துவிடலாம். குளிர்ந்த இன்ஜின் ஸ்டார்ட் ஆனவுடன் முதல் இரண்டு மூன்று விநாடிகளுக்கு வலதுபக்கமோ இடதுபக்கமோ சங்கிலியை உலுக்குவது போன்ற கரகரப்பு வந்து பிறகு அடங்கினால், செயினைச் சந்தேகப்படுங்கள். சூடான இன்ஜினில் அந்தச் சத்தம் கேட்கவே கேட்காது.

பிறகு இன்ஜின் சூடாகி ஐடிலில் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றித் தலைகீழாக அந்த வாயின் மேல் சும்மா வையுங்கள். மூடி லேசாக அசைந்தால் பரவாயில்லை. துள்ளி விழுந்தாலோ, ரயில் இன்ஜின் போலப் புகை குப்குப்பென்று வந்தாலோ பிஸ்டன் ரிங் தேய்ந்துவிட்டது. இது இரண்டு வண்டிக்கும் பொருந்தும். சாலையில் ஓட்டும்போது மூன்றாவது கியரில் 1500 ஆர்பிஎம்மில் வைத்துவிட்டு ஆக்சிலேட்டரை முழுக்க மிதியுங்கள். ஆர்பிஎம் மட்டும் ஏறி வண்டி அதே வேகத்தில் நின்றால் கிளட்ச் முடிந்துவிட்டது. விசில் போல ஊதினால் டர்போ அல்லது அதன் குழாய். புகை கறுப்பாக ஒருமுறை வந்து நின்றால் பழைய டீசலுக்கு அது இயல்பு, தொடர்ந்து வந்தால் இன்ஜெக்டரையும், புகையில் ஒரு பகுதியை மறுபடி இன்ஜினுக்குள் அனுப்பும் இஜிஆர் வால்வையும் பார்க்க வேண்டும்.

எட்டியோஸ் டீசலில் தனியாகக் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்தக் காலத்தில் வாடகைக்கு ஓடிய எட்டியோஸ் ஏராளம். பிறகு மஞ்சள் போர்டை வெள்ளையாக மாற்றி விற்பார்கள். மாற்றுவதில் சட்டப்படி தவறில்லை. ஆனால் மீட்டரையும் சேர்த்து மாற்றியிருப்பார்கள். ஆர்சியில் வண்டியின் வகையையும், வாகன் என்ற அரசு வண்டிப் பதிவு இணையதளத்தில் அதன் வரலாற்றையும் பாருங்கள். கூரை ஓரத்துக் காடியில் கேரியரின் கால் அழுத்திய தழும்பு, நம்பர் பிளேட்டின் பின்னால் ஒட்டியிருக்கும் மஞ்சள் பெயிண்ட், மீட்டரில் ஒரு இலட்சம் காட்டும்போதே வழவழவென்று தேய்ந்துபோன பிரேக் பெடல் ரப்பர், ஓட்டுநர் இருக்கையின் வலது ஓரத்தில் அமுங்கிய ஸ்பாஞ்ச் எல்லாமே பேசும். புரோக்கர் சொல்வதைவிட அவை நம்பகமானவை.

மஞ்சள்காடு மீண்டும் எழுதியது:

எல்லோருக்கும் நன்றிங்க. பட்டறைக்கார அண்ணன் சொன்னபடி இரண்டு வண்டியையும் மறுபடியும் போய்ப் பார்த்தேன். எட்டியோஸின் கூரைக் காடியில் இரண்டு பக்கமும் தழும்பு இருக்கிறது. ஆர்சியைக் கேட்டு வாங்கிப் பார்த்ததில், முதலில் வாடகை வண்டியாகப் பதிவாகி, 2016இல்தான் சொந்த உபயோகத்துக்கு மாற்றியிருக்கிறார்கள். மீட்டரைப் பற்றிக் கேட்டபோது புரோக்கர் பேச்சை மாற்றினார். பிரேக் பெடல் ரப்பர் புதிதாக இருந்தது. பெடலின் இரும்போ பழசு.

டிசையரைக் காலையிலேயே போய்ப் பார்த்தேன். இன்ஜின் குளிர்ந்திருந்தது. முதல் திருப்பிலேயே ஸ்டார்ட் ஆனது, எந்தக் கரகரப்பும் இல்லை. மூடி லேசாக ஆடியதே தவிரத் துள்ளவில்லை. சார் ஒரு நோட்டில் ஆயில் மாற்றிய தேதி, கிலோமீட்டர், போட்ட டயர் என்று எல்லாவற்றையும் பேனாவால் எழுதி வைத்திருக்கிறார். ஆனால் கிளட்ச் தேய்ந்திருக்கும் போல, பெடல் நன்றாக மேலே வந்த பிறகே, உயரத்தில் பிடிக்கிறது. அம்மாவையும் கூட்டிப்போயிருந்தேன். பின் இருக்கையில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, "கால் ஒடுங்குது, ஆனாப் பரவால்ல" என்றார். அந்தப் "பரவால்ல" எனக்குத் திருப்தியாக இல்லை. பாதுகாப்பில் எட்டியோஸுக்கு நான்கு நட்சத்திரம் என்று தம்பி ஒருவன் சொல்கிறான். அதையும் சேர்த்துப் பார்க்க வேண்டுமா?

நொய்யல்கரை எழுதியது:

நட்சத்திரத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது பாதி கேட்ட செய்தியாகவே சுற்றுகிறது. 2016இல் குளோபல் என்கேப் என்ற அமைப்பு நடத்திய மோதல் சோதனையில் நான்கு நட்சத்திரம் வாங்கியது முன்பக்கம் இரண்டு ஏர்பேக் பொருத்தப்பட்ட எட்டியோஸ். 2012இல் விற்ற எட்டியோஸ்களில் சிலவற்றில்தான் ஏர்பேக் இருந்தது. ஏர்பேக் இல்லாத வண்டிக்கு அந்த நட்சத்திரத்தைச் சூட்டிக்கொள்ள முடியாது. அதேபோல 2014இல் பூஜ்யம் வாங்கிய ஸ்விஃப்ட்டும் ஏர்பேக் இல்லாத மாடல்தான். ஸ்டியரிங்கின் நடுவில் ஏர்பேக் முத்திரையும், சாவி போட்டவுடன் எரிந்து அணையும் விளக்கும் இருக்கின்றனவா என்று பார்த்தால் போதும். ஏபிஎஸ்ஸையும் (திடீர் பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் அமைப்பு) அப்படியே விளக்கைக் கொண்டு தெரிந்துகொள்ளலாம். திம்பம் இறக்கத்தில், மழை பெய்யும்போது, ஏபிஎஸ் இருப்பதற்கும் இல்லாததற்கும் உள்ள வேறுபாடு இந்த 68, 75 பிஎஸ் வேறுபாட்டைவிட எத்தனையோ மடங்கு பெரியது.

இனி உங்கள் வண்டிகளுக்கு வருவோம். நான் மேலே எட்டியோஸுக்கு ஆதரவாக எழுதியதெல்லாம் அந்த மாடலுக்கு; கோபியில் நிற்கும் அந்த வண்டிக்கு அல்ல. நான்கு ஆண்டுகள் வாடகைக்கு ஓடி, மீட்டர் சந்தேகத்துக்கு இடமாகி, பெடல் ரப்பரை மாற்றி மறைக்கிற அளவுக்கு வந்துவிட்ட ஒன்றை, டிக்கி பெரிது என்பதற்காக முப்பதாயிரம் கூடுதலாகக் கொடுத்து வாங்குவது சரியாக எனக்குப் படவில்லை. அந்த வண்டியின் 170 நியூட்டன் மீட்டர் இன்றைக்கு எவ்வளவு மீந்திருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது. ரிங் தேய்ந்து கம்ப்ரெஷன் குறைந்த இன்ஜினில் முதலில் போவது அடிமட்ட இழுவைதான்; எதற்காக எட்டியோஸை வாங்குகிறீர்களோ அதுவே போயிருக்கும்.

டிசையர் இயந்திர நிலையில் நன்றாக இருப்பதாகத் தெரிகிறது. கிளட்ச் உயரத்தில் பிடிப்பதை விலையில் காட்டி, பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் மாற்றும் செலவைக் கழித்துக் கேளுங்கள். ஆனால் உங்கள் அம்மாவின் காலும் தங்கை வீட்டுச் சாமானும் மாறப்போவதில்லை. அவசரம் இல்லையென்றால், ஒரே கையில் இருந்த வெள்ளை போர்டு எட்டியோஸைத் திருப்பூர், கோயம்புத்தூர் பக்கம் தேடிப்பாருங்கள். 2013க்குப் பிந்தைய, ஏர்பேக் உள்ள மாடல் கிடைத்தால் இன்னும் நல்லது. கிடைக்காவிட்டால் டிசையர் ஒன்றும் மோசமான முடிவல்ல.

ஆழியாறு எழுதியது:

டிசையரையே எடுப்பதாக இருந்தால் அம்மாவை முன் இருக்கையில் உட்கார வையுங்கள். முன்னால் இரண்டு வண்டியிலும் இடம் தாராளம். திம்பம் வளைவுகளில் தலைசுற்றலும் குறையும். பின்னால் மூன்று பேர் சமாளித்துக்கொள்ளலாம்.

பட்டறைக்காரன் எழுதியது:

இரண்டில் எதை எடுத்தாலும் 2012 மாடலுக்கு 2027இல் பதினைந்து ஆண்டு முடிந்துவிடும். ஆர்டிஓவில் வண்டியைக் காட்டிப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும்; காருக்குப் புதுப்பித்தல் கட்டணம் ஐயாயிரம் ரூபாய், அதற்குமேல் பசுமை வரியும் வண்டியைத் தயார்படுத்தும் செலவும் தனி. விலை பேசும்போது இதையும் கழித்துப் பேசுங்கள். சாரின் ஆர்சியில் வங்கிக் கடன் பதிவு இருந்தால், அது ரத்தானதற்கான தாளைக் கையில் வாங்காமல் முன்பணம் கொடுக்க வேண்டாம். பெயர் மாற்றிய பதினான்கு நாளுக்குள் இன்சூரன்ஸையும் உங்கள் பெயருக்கு மாற்றிவிடுங்கள்.

கிளட்ச் மாற்றுவதானால் கியர்பாக்ஸை இறக்கும் அதே நேரத்தில் பின்பக்க ஆயில் சீலையும் மாற்றச் சொல்லுங்கள். சீல் விலை சொற்பம். அது கசிந்தால் அதற்காகவே மறுபடியும் கியர்பாக்ஸை இறக்கும் கூலி பெரிது.

மஞ்சள்காடு எழுதியது:

டிசையரில் ஏபிஎஸ் விளக்கு எரிந்து அணைகிறது, ஏர்பேக் இல்லை. சாரிடம் பத்து நாள் அவகாசம் கேட்டிருக்கிறேன், அதுவரை வேறு யாருக்கும் கொடுக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டார். அதற்குள் அவிநாசியில் ஒருவரிடம் 2014 எட்டியோஸ் டீசல் இருப்பதாகச் சொல்கிறார்கள், ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மாவையும் அழைத்துக்கொண்டு அதைப் பார்க்கப் போகிறேன்.